குயின் மேரியில் மூன்று இரவுகள்

முதல் நாள்

மகன் வீடு கலிபோர்னியாவில், அர்வைனில் இருக்கிறது. அங்கிருந்து லாங் பீச் துறைமுகத்துக்குக் காரில் அரை மணி நேரம்தான். "ஒரு நாள்ல சுத்திப் பாத்துட்டு வந்துடலாம்ப்பா, எதுக்கு மூணு ராத்திரி?" என்று கேட்டான். முப்பது வருடம் கப்பல்களின் இன்ஜின் ரூமில் வேலை பார்த்தவனுக்கு குயின் மேரி என்ற அந்தப் பழைய பயணிகள் கப்பலில் ஒரு நாள் எப்படிப் போதும்? என் மனைவியும் வருகிறேன் என்று சொன்னதில் எனக்குச் சந்தோஷம். வழக்கமாகக் கப்பல் என்றாலே அவளுக்கு ஆகாது. வருடத்தில் எட்டு மாதம் என்னை அவளிடமிருந்து பிரித்து வைத்தவை அல்லவா.

பாலத்தில் ஏறி இறங்கும்போதே மூன்று புகைபோக்கிகளும் தெரிந்துவிட்டன. கருப்புப் பட்டை போட்ட செம்மஞ்சள் நிறம். அப்புறம் வளைவு திரும்பியதும் முழுக் கப்பல். ஆயிரத்துப் பத்தொன்பது அடி நீளம், அதாவது 310 மீட்டருக்கு மேல். தூத்துக்குடியிலும் சிங்கப்பூரிலும் இதைவிட நீளமான சரக்குக் கப்பல்களைப் பார்த்திருக்கிறேன், வேலையும் செய்திருக்கிறேன். ஆனால் அவையெல்லாம் பெட்டிகளை அடுக்குவதற்காகச் செய்த பெட்டிகள். இது ஓடுவதற்காகவே வடிவமைத்த உடம்பு. அணியம், அதாவது முன்பக்கம், எப்படிக் கூர்மையாக இறங்குகிறது, பின்பக்கம் எப்படி வழிந்து முடிகிறது என்று காரை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டே நின்றேன்.

இப்போது இந்தக் கப்பல் எங்கும் போவதில்லை. சுற்றிலும் பாறைகளைக் கொட்டி அரண் கட்டியிருக்கிறார்கள். அதற்குள் குளத்துத் தண்ணீர் மாதிரி அசையாத தண்ணீர். 1967 டிசம்பரில் இங்கே வந்து சேர்ந்தது, இன்றுவரை இங்கேதான். உள்ளே ஹோட்டல், அருங்காட்சியகம் இரண்டும் இருக்கின்றன.

எங்களுக்கு ஏ தளத்தில் அறை. பழைய முதல் வகுப்பு கேபின். சுவர் முழுக்க மெருகேற்றிய மரப்பலகை, வட்டமான இரண்டு ஜன்னல்கள். குளியலறையில் தொட்டிக்கு மேல் நான்கு குழாய்கள் இருந்தன. என் மனைவி ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்தாள். "இது என்னங்க, நாலு?" என்றாள். நல்ல தண்ணீர் சூடாக, குளிர்ச்சியாக. கடல் தண்ணீர் சூடாக, குளிர்ச்சியாக. அந்தக் காலத்தில் உப்புத் தண்ணீரில் குளிப்பது உடம்புக்கு நல்லது என்று நம்பினார்கள், கப்பலுக்கும் நல்ல தண்ணீர் மிச்சம். இப்போது அந்தப் பழைய குழாய்கள் அழகுக்கு மட்டும்தான்.

ராத்திரி சாப்பிட்டுவிட்டு வரும்போது ஒன்றைக் கவனித்தேன். அறைகளுக்கு முன்னால் போகும் நடைவழி நேராக இல்லை. நடுவில் தாழ்ந்து, இரண்டு முனையிலும் மெல்ல ஏறுகிறது. தூரத்தில் நடந்து வருகிறவரின் தலை முதலில் மறைந்து கால் தெரிகிறது, அப்புறம்தான் முழு ஆள். அலையைத் தாங்குவதற்காகக் கப்பலின் தளத்தையே வில் மாதிரி வளைத்துக் கட்டும் பழைய முறை அது. கட்டடம் என்று நினைத்துக்கொண்டு நடக்கிற காலுக்கு இது கப்பல் என்று தரையே சொல்லிவிடுகிறது.

இரண்டாம் நாள்

காலையிலேயே மேல் தளத்துக்குப் போய்விட்டேன். கண்ணாடி அடைத்த நீண்ட உலாவுத் தளம். ஆள் நடமாட்டம் இல்லை. இந்தக் கப்பல் பிறந்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. அதை எழுதிவிட்டு மற்றதற்கு வருகிறேன்.

ஸ்காட்லாந்தில் கிளைட் ஆற்றங்கரையில் கிளைட்பேங்க் என்ற ஊர். அங்கே ஜான் பிரவுன் கப்பல் கட்டும் தளம். 1930 டிசம்பரில் அடிமரம், அதாவது கப்பலின் முதுகெலும்பு, வைத்தார்கள். அப்போது கப்பலுக்குப் பெயர் கிடையாது, வேலை எண் 534 என்பதுதான் பெயர். ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள்.

இவ்வளவு பெரிய கப்பல் எதற்கு என்று கேட்டால் அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. சௌத்தாம்ப்டனிலிருந்து ஒன்று, நியூயார்க்கிலிருந்து ஒன்று என்று வாரா வாரம் கப்பல் புறப்பட வேண்டும். அதற்கு, கப்பலின் சொந்தக்காரரான குனார்ட் கம்பெனிக்கு மூன்று கப்பல்கள் தேவைப்பட்டன. 28.5 நாட் (மணிக்குச் சுமார் 53 கிலோமீட்டர்) வேகத்தில் நிற்காமல் ஓடக்கூடிய இரண்டு கப்பல்கள் இருந்தால் மூன்றாவது வேண்டாம். அந்த வேகத்துக்கு அவ்வளவு பெரிய இயந்திரம் வேண்டும். அந்த இயந்திரத்துக்கும் எண்ணெய்க்கும் பயணிகளுக்கும் இடம் வேண்டும். அப்படி வளர்ந்ததுதான் இந்த எண்பதாயிரம் டன்.

ஒரு வருடம்தான் வேலை நடந்தது. உலகம் முழுக்கப் பொருளாதாரம் படுத்துவிட்டது. 1931 டிசம்பரில் வேலையை நிறுத்தினார்கள். ஒரே நாளில் மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் வேலையிழந்தார்கள். அவர்களை நம்பியிருந்த கடைகளும் பட்டறைகளும் தனி. கிளைட்பேங்க்கில் எந்தத் தெருவில் நின்று பார்த்தாலும் வீட்டுக் கூரைகளுக்கு மேல் அந்தக் கப்பலின் எலும்புக்கூடு தெரிந்திருக்கும். இருபத்தேழு மாதம் அது அப்படியே துருப்பிடித்து நின்றது. நான் ஒரு முறை ஆறு மாதம் கப்பல் கிடைக்காமல் வீட்டில் இருந்திருக்கிறேன். அந்த ஆறு மாதமே எப்படிப் போயிற்று என்று எனக்கும் என் மனைவிக்கும்தான் தெரியும். அவர்களுக்கோ வேலை கண்ணெதிரே நின்றது, கைக்கு எட்டவில்லை.

கடைசியில் அரசாங்கம் கடன் கொடுத்தது. குனார்டும் அதன் பழைய போட்டிக் கம்பெனியான ஒயிட் ஸ்டாரும் ஒன்றாகச் சேர வேண்டும் என்பது நிபந்தனை. டைட்டானிக்கின் கம்பெனிதான் அந்த ஒயிட் ஸ்டார். 1934 ஏப்ரலில் தொழிலாளர்கள் திரும்பி வந்தபோது பேக்பைப் வாசித்து ஊர்வலமாக உள்ளே போனார்கள். முதல் வேலை, டன் கணக்கில் ஏறியிருந்த துருவைச் சுரண்டுவது.

அந்த வருடம் செப்டம்பர் 26, மழை கொட்டுகிறது. ராணி மேரியே வந்து பெயரைச் சொன்ன பிறகுதான் ஊருக்குப் பெயர் தெரிந்தது. கிளைட் அங்கே குறுகலான ஆறு. இவ்வளவு நீளத்தை நேராக இறக்கினால் எதிர்க்கரையில் முட்டும். அதனால் எதிரே கார்ட் என்ற சிற்றாறு வந்து கலக்கும் இடத்தைப் பார்த்துச் சாய்வாக இறக்கினார்கள். அதற்காகவே ஆற்றை ஆழப்படுத்தியிருந்தார்கள். வேகத்தைக் குறைக்கச் சங்கிலிக் குவியல்களைக் கப்பலோடு கட்டி இழுக்கவிட்டார்கள். கப்பல் தண்ணீரைத் தொட்டு, மிதந்து, நின்றது. மழையில் நனைந்துகொண்டு நின்ற, இரும்புத் தகடுகளை ரிவெட் ஆணி அடித்து இணைத்தவர்களின் முகத்தை நினைத்துப் பார்க்கிறேன். ஒரு கோடிக்கு மேல் ரிவெட் அடித்த கைகள்.

1936 மே 27 அன்று முதல் பயணம். வழியில் மூடுபனி, அதனால் அட்லாண்டிக்கை மிக வேகமாகக் கடந்த சாதனை கிடைக்கவில்லை. ஆகஸ்டிலேயே பிரெஞ்சுக் கப்பல் நார்மண்டியை முந்தியது. அடுத்த வருடம் நார்மண்டி திருப்பி முந்தியது. 1938 ஆகஸ்டில் மேற்கு நோக்கி 3 நாள் 21 மணி 48 நிமிடத்தில் அட்லாண்டிக்கைக் கடந்து மறுபடியும் பட்டத்தை வாங்கியது குயின் மேரி. 1952 வரை யாராலும் அதைத் தொட முடியவில்லை.

மதியம் பழைய முதல் வகுப்புச் சாப்பாட்டுக் கூடத்தைப் பார்த்தோம். மூன்று தளம் உயரம். சுவரில் வட அட்லாண்டிக் வரைபடம், சுவரையே நிறைத்து. ஒரு பக்கம் இங்கிலாந்து, ஒரு பக்கம் நியூயார்க். நடுவில் இரண்டு தடங்கள். பனிப்பாறை மிதக்கும் மாதங்களுக்குத் தெற்கே ஒன்று, மற்ற மாதங்களுக்கு வடக்கே ஒன்று. தடத்தில் படிகத்தால் செய்த சின்னக் கப்பல் ஒன்று நகரும். சூப் குடித்துக்கொண்டே நாம் கடலில் எங்கே இருக்கிறோம் என்று பயணிகள் பார்த்துக்கொள்ளலாம். "நீங்க கடல்ல இருந்தப்ப எனக்கு இந்த மாதிரி ஒண்ணு வீட்டுச் சுவத்துல இருந்திருக்கணும்" என்றாள் என் மனைவி. எனக்கு உடனே பதில் வரவில்லை.

கப்பலின் உள்வேலைக்கு ஐம்பத்தாறு வகை மரம் பயன்படுத்தினார்களாம், பிரிட்டிஷ் பேரரசின் எல்லா மூலைகளிலிருந்தும் வரவழைத்து. கையால் தடவித் தடவிப் பார்த்தேன். எண்பது வருடத்துக்கு மேல் ஆகியும் பல இடங்களில் இணைப்பில் நகம் நுழையவில்லை.

ஊதல் ஒலிக்கும்போது நாங்கள் மேல் தளத்தில் இருந்தோம். அது காதில் கேட்பதற்கு முன்னால் நெஞ்சில் கேட்டது. ஒவ்வொரு ஊதுகுழலும் ஒரு டன் எடை. மந்திர ஸ்தாயியில் மிகத் தாழ்வாக சுருதி சேர்த்திருக்கிறார்கள். பத்து மைலுக்குக் கேட்கும், ஆனால் பக்கத்தில் நிற்கும் பயணியின் காதைக் கிழிக்காது. 2006இல் புதிய கப்பல் குயின் மேரி 2 இந்தக் கடற்கரைக்கு வந்தபோது இரண்டும் ஒன்றுக்கொன்று ஊதிப் பேசிக்கொண்டன. புதியதில் இருக்கும் ஊதுகுழல்களில் ஒன்று இந்தப் பழைய கப்பலிலிருந்து போனதுதான்.

மூன்றாம் நாள்

இன்று கீழே. எனக்கு இதுதான் முக்கியமான நாள்.

இறங்க இறங்க வாசனை மாறியது. கிரீஸ், பழைய பெயிண்ட், கொஞ்சம் ஈரம். என் மனைவி என் சட்டையை முகர்கிற மாதிரி முகர்ந்துவிட்டு, "உங்க பெட்டியத் தொறந்தா வர்ற வாசனை" என்றாள்.

பின்பக்க இன்ஜின் ரூம் மட்டும் மிச்சமிருக்கிறது. நான்கு ப்ரொப்பல்லர், நான்கு தொகுதி இயந்திரம். ஒவ்வொரு தொகுதியிலும் நான்கு டர்பைன்கள் ஒரு பெரிய பல்சக்கரத்தைச் சுற்றி நின்று அதைச் சுழற்றும். மொத்தம் 1,60,000 குதிரைத்திறன். பாய்லரிலிருந்து சதுர அங்குலத்துக்கு 400 பவுண்டு அழுத்தத்தில் நீராவி வரும். கன்ட்ரோல் மேடையில் பெரிய பெரிய கைச்சக்கரங்கள். முன்னே போக ஒன்று, பின்னே போக ஒன்று. பின்னால் வரிசையாக அழுத்தமானிகள். முள் எல்லாம் பூஜ்யத்தில்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நீராவி டர்பைன் ஓடும் ஒரு டேங்கரில் இருந்தேன். மேலேயிருந்து மணி அடித்ததும் அந்தச் சக்கரத்தை எவ்வளவு மெதுவாகத் திறக்க வேண்டும் என்று இரண்டாவது இன்ஜினியர் என் கை மேல் தன் கையை வைத்துச் சொல்லிக்கொடுத்தார். அவசரப்பட்டால் பிளேடு போய்விடும். அந்தக் கையின் எடை இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. இங்கே கம்பித் தடுப்புக்கு அப்பால் அதே மாதிரிச் சக்கரம், ஆயிரம் பேர் பிடித்துப் பிடித்து மினுமினுத்த விளிம்பு.

அப்புறம் பாய்லர் ரூம் இருந்த இடம். கடலைக் கடக்க நீராவி கொடுத்த 24 பாய்லர்கள் இங்கே நின்றன. இப்போது ஒன்றுகூட இல்லை. அருங்காட்சியகம் அமைப்பதற்காக அத்தனையையும் வெட்டி எடுத்தார்கள், முன்பக்க இன்ஜின் ரூமையும் சேர்த்து. திட்டமிட்ட கடல் அருங்காட்சியகத்தில் ஒரு சிறு பகுதிதான் திறந்தது. கோயில் மாதிரி உயரமான வெறும் இரும்புக் கூடம். பேசினால் குரல் திரும்பி வருகிறது. எனக்குத் தொண்டை அடைத்தது. நெருப்பு எரிந்த இடத்தில் நெருப்பு இல்லாவிட்டால் அது அடுப்பங்கரை இல்லை, வெறும் சுவர்.

ஆனாலும் வருத்தத்தோடு இதையும் நினைத்துக்கொண்டேன். போட்டியாக ஓடிய நார்மண்டி 1942இல் நியூயார்க் துறைமுகத்திலேயே தீப்பிடித்துக் கவிழ்ந்தது. உடன்பிறந்த குயின் எலிசபெத் 1972இல் ஹாங்காங்கில் எரிந்து போனது. மற்றவை உடைக்கும் தளங்களுக்குப் போயின. இந்த ஒன்றுதான் நம் கைக்குத் தொட மிச்சமிருக்கிறது.

கப்பலின் பக்கவாட்டில் ஒரு வாசல் வெட்டியிருக்கிறார்கள். அதன் வழியாகப் போனால் தண்ணீரைச் சுற்றி அடைத்த ஓர் அறை. மேடையில் நின்று கீழே பார்க்க வேண்டும். பச்சை வெளிச்சத்தில் தண்ணீருக்கு அடியில் கடைசி ப்ரொப்பல்லர். முப்பது டன்னுக்கு மேல் எடை, வெண்கலக் கலவை, நான்கு இதழ். ஓர் இதழின் விளிம்பு தண்ணீரின் மேல்மட்டத்துக்கு மிக அருகில் மங்கலாகத் தெரிகிறது. மீதி மூன்றையும் எடுத்துவிட்டார்கள். வேலை நாட்களில் நான் ப்ரொப்பல்லரைத் தண்ணீரை வடித்த உலர்துறையில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். தண்ணீருக்குள் இப்படி நிற்பதைப் பார்த்ததே இல்லை. பேச்சே வரவில்லை. என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மதியத்துக்கு மேல் போர்க்காலப் பகுதி. 1939இல் போர் வந்ததும் கப்பலுக்குச் சாம்பல் நிறம் பூசினார்கள். சிட்னியில் வைத்துப் படைக் கப்பலாக மாற்றினார்கள். 'சாம்பல் பேய்' என்று பெயர். நீர்மூழ்கிகளால் இதன் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. அதனால் பெரும்பாலும் துணையில்லாமலே வளைந்து வளைந்து ஓடியது. அடுக்கடுக்காகக் கட்டில்கள், முறை வைத்துத் தூக்கம். 1943 ஜூலையில் ஒரே பயணத்தில் 16,683 பேர். போர் முழுவதும் சுமார் 8 லட்சம் வீரர்களைச் சுமந்திருக்கிறது.

1942 அக்டோபர் 2 அன்று நடந்ததை எந்தக் கப்பல்காரனாலும் மறக்க முடியாது. அயர்லாந்துக்கு வடக்கே, பாதுகாப்புக்காக வந்த குரசோவா என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் குறுக்கே வந்துவிட்டது. குயின் மேரி அதை இரண்டாக வெட்டிக்கொண்டு போனது. உள்ளே பத்தாயிரம் வீரர்கள் அளவுக்கு இருந்தார்கள். நின்றால் நீர்மூழ்கிக்கு இரை. நிற்கக் கூடாது என்பது ஆணை, நிற்கவில்லை. முந்நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பின்னால் வந்த போர்க்கப்பல்கள் சுமார் நூறு பேரைத் தூக்கின. போர் முடியும் வரை வெளியே சொல்லவில்லை. அந்தத் தளங்களில் நின்று திரும்பிப் பார்த்தவர்கள் அதை எப்படிச் சுமந்தார்களோ.

அப்புறம் வந்ததற்கு நான் தயாராக இல்லை. கப்பல் போன பாதைகளை வரைபடத்தில் பார்த்துக்கொண்டிருந்தோம். 1941 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவின் எட்டாவது டிவிஷனைச் சேர்ந்த 22ஆவது பிரிகேட் இந்தக் கப்பலில்தான் சிட்னியிலிருந்து சிங்கப்பூருக்கு வந்தது. கிட்டத்தட்ட ஆறாயிரம் பேர். பிப்ரவரி 18 அன்று இறங்கினார்கள். ஒரு வருடம்கூட ஆகவில்லை. 1942 பிப்ரவரி 8 இரவு ஜப்பானியப் படை சிங்கப்பூர்த் தீவில் கரையேறியபோது முதல் அடி விழுந்தது இவர்கள் மேல்தான். 15ஆம் தேதி சிங்கப்பூர் விழுந்தது. உயிரோடு மிஞ்சியவர்கள் கைதிகள். அவர்களில் பலர் ஜப்பானியர்களுக்காகச் சயாம்–பர்மா (இன்றைய தாய்லாந்து–மியான்மர்) ரயில் பாதை போடப் போனார்கள்.

என் மனைவி அந்த வரைபடத்தின் முன்னால் வெகுநேரம் நின்றாள். அவளுடைய தாத்தா மலாயாவில், பேராக்கில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். 1943இல் தோட்டத்திலிருந்து லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், சயாமில் மூன்று மாத வேலை என்று சொல்லி. திரும்பி வரவே இல்லை. ஆச்சி இரண்டு குழந்தைகளோடு போர் முடிந்து ஊர் வந்து சேர்ந்தாள். கடைசி வரை தாலியைக் கழற்றவில்லை.

"அந்தப் பையன்களும் எங்க தாத்தாவும் ஒரே தண்டவாளத்துல வேலை செஞ்சிருப்பாங்க இல்லீங்க?" என்றாள்.

செய்திருக்கலாம். சிங்கப்பூரில் கப்பல் நிற்கும்போது ஒரு முறை கிராஞ்சி போர் நினைவிடத்துக்குப் போயிருக்கிறேன். உடல் கிடைக்காத 24,000க்கும் மேற்பட்டவர்களின் பெயர்களைச் சுவர்களில் செதுக்கியிருக்கிறார்கள், இந்திய வீரர்களின் பெயர்களும் உண்டு. ரயில் பாதையில் இறந்த பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளிகளுக்கு அப்படித் தனித்தனிக் கல் கிடையாது. அதை அவளிடம் இன்றைக்குத்தான் சொன்னேன். கப்பலில் இருந்த வருகைப் பதிவேட்டில் அவள் தாத்தாவின் பெயரைத் தமிழில் எழுதினாள். அதற்குக் கீழே தன் பெயர், அதற்குப் பக்கத்தில் என் பெயர்.

ராத்திரி அதிகம் பேசிக்கொள்ளவில்லை. சீக்கிரம் படுத்துவிட்டோம்.

நான்காம் நாள்

மகன் பதினோரு மணிக்கு வருகிறேன் என்றான். அதனால் காலையில் கொஞ்ச நேரம் கிடைத்தது.

மேல் தளத்திலிருந்து கடலைப் பார்த்தால் பனைகளும் வண்ணக் கோபுரங்களுமாகச் சின்னத் தீவுகள் தெரிகின்றன. பார்க்க விடுதி மாதிரி இருக்கும். உண்மையில் எண்ணெய்க் கிணறுகள்தான், 1960களில் கட்டிய செயற்கைத் தீவுகள், அலங்காரம் செய்து மறைத்திருக்கிறார்கள். இந்தக் கரையோர எண்ணெய்ப் பணத்தில்தான் லாங் பீச் நகரம் கப்பலை 34.5 லட்சம் டாலருக்கு வாங்கியது. அதற்குள் ஜெட் விமானம் வந்து கப்பல்கள் காலியாகிவிட்டன. ஐந்து நாள் பயணத்தை ஏழெட்டு மணி நேரம் தோற்கடித்துவிட்டது.

ஆயிரத்தொரு முறை அட்லாண்டிக்கைக் கடந்த கப்பலுக்கு 1967 அக்டோபர் 31 அன்று சௌத்தாம்ப்டனிலிருந்து கடைசிப் புறப்பாடு. பனாமா கால்வாயில் கப்பலை ஏற்றி இறக்கும் அடைப்புகளின் அகலம் 110 அடி, கப்பலின் அகலம் 118. எட்டு அடிக்காக தென் அமெரிக்காவையே சுற்றி, கேப் ஹார்ன் வழியாக வந்தது. குளிர்க் கடலுக்காகக் கட்டிய கப்பல், வெப்ப மண்டலத்தில் பயணிகள் வெந்திருக்கிறார்கள். டிசம்பர் 9 அன்று இங்கே வந்தபோது ஆயிரக்கணக்கில் படகுகள் எதிர்கொண்டு வந்தன. அன்றைக்கு இன்ஜின் ரூமில் இருந்தவர்களுக்கு அந்த ஆரவாரம் எதுவும் தெரிந்திருக்காது. மேலேயிருந்து கடைசி மணி வந்திருக்கும். 'இயந்திர வேலை முடிந்தது.' யாரோ ஒருவர் அந்தச் சக்கரத்தைக் கடைசியாக மூடியிருப்பார்.

அறையைக் காலி செய்துவிட்டுக் கீழே இறங்கினோம். மகனுடைய கார் வந்துவிட்டது. பெட்டியை டிக்கியில் வைக்கும்போது ஊதல் ஒலித்தது. என் மனைவி கதவைப் பிடித்தபடி அது முழுவதும் அடங்கும் வரை நின்றாள். அப்புறம் காரில் ஏறி, மகனிடம் அவளுடைய தாத்தாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள்.